பாவையும் யாப்பும்

சென்ற பாடசாலை விடுமுறையின்போது, டென்மார்க்கு நாட்டின் யுத்லாந்துப் பகுதியிலே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு எம் இல்லத்துக்கு வந்திருந்தார். எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்றவர். ஊர்ச் செய்திகள் பேசித் தீர்ந்தபின் அவர் குரலைத் தாழ்த்தித் தம் மனக்குறையொன்றை வெளியிட்டார். "பெடியனுக்கு முப்பது வயது கடந்திட்டுது. நல்ல உத்தியோகம். ஆனால் வேலையாலை வந்தால் அறையைப் பூட்டிக்கொண்டு பொம்மை செய்துகொண்டிருக்கிறான். வெளியிலை சொல்ல வெட்கமாயிருக்கு. நீ வாத்தியார், நீயாவது ஒரு புத்தி சொல்லன்" என்றார். யாமும் ஆசிரியத் தொழிலுக்கு இயல்பான அவசரத்தோடு அவ்விளைஞரை அழைத்து, பருவத்துக்கேற்ற பயிற்சி, காலத்தின் அருமை என்பன பற்றி நாற்பது நிமிடப் பாடமொன்றை நடத்தி முடித்தோம். அவர் மறுமொழி கூறினாரல்லர். மறுநாட் காலையில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து, "மாமா, இதை ஒருக்கால் பாருங்கோ" என்று விறாந்தையிலே பாயை விரித்து, பெட்டியிலிருந்தவற்றை அதன்மீது கொட்டினார். அன்று எம் வீட்டில் நண்பகலுணவு ஆறிப்போயிற்று. முதல்நாள் யாம் கூறிய புத்திமதியை மீளப் பெற்றுக்கொள்ளுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிலே கிடந்தவை பல நிறப் பிளாஸ்ரிக் உறுப்புகள். நீண்டனவும் குறுகியனவுமான கோல்கள்; முனையிலே உருண்டை கொண்டவை; அவ்வுருண்டையைக் கவ்வுங் கிண்ணங்களைக் கொண்டவை; பற்சக்கரங்கள்; கவசத்துண்டுகள்; முகமூடிகள். இவற்றை இணைத்து ஒரு சாணுக்குமேல் உயரமுள்ள வீரவுருவங்களை அமைக்கலாம். கையும் காலும் வேண்டியவாறு மடங்கும், தலை திரும்பும், முகமூடியைக் கழற்றி மாற்றலாம். மேல்நாடுகளிலும் பிறவிடங்களிலும் வளர்ந்தவர் பலர் இத்தகைய பாவைகளைச் சேகரிக்கின்றனர்; அவர்களுட் பலர், விற்பனைக்கு வந்த உருவோடு நின்றுவிடாது, உறுப்புகளைக் குலைத்துப் புதிய உருவங்களைத் தாமே வகுத்தமைக்கின்றனர்.

நண்பரின் மகனுக்கு இஃது எங்கிருந்தோ வந்த அந்நியப் பொருளன்று. 1980களில் எம்மவர் பலர் புகலிடந் தேடிச் சென்று குடியேறிய இடங்களுள் யுத்லாந்தும் ஒன்று. அங்கே பிரண்டா என்னும் ஊரில் அபிராமி அம்மன் கோயில் எழுந்துள்ளது. அவ்வூருக்கு அதிக தொலைவிலில்லாத பில்லுண்ட் என்னும் சிற்றூரே லெகோ என்னும் விளையாட்டுப்பொருள் நிறுவனத்தின் தாயகம். நாம் நுங்குக் கோம்பையிலே வண்டில் செய்து உருட்டியவாறே, அவரும் தம் பிறந்த மண்ணிலே விளைந்த பொருளைக் கொண்டு விளையாடி வளர்ந்தார். வேறுபாடு ஒன்றேயுண்டு. நாம் வண்டிலைக் கைவிட்டோம், அவர் கைவிடவில்லை.

இனி, இப்பொருளின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். ஓலே கிர்க் கிறிஸ்ரியன்சன் என்னும் தச்சர், உலகப் பொருளாதாரம் சரிந்து தொழில் நலிவுற்ற 1932ஆம் ஆண்டில், பில்லுண்டிலிருந்த தம் பட்டறையிலே மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். டேனிய மொழியில் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு சொற்களைச் சுருக்கி ஆக்கியதே லெகோ என்னும் பெயர். 1949ஆம் ஆண்டில் அவர் பிளாஸ்ரிக்கினாலான சிறு கற்களை வெளியிட்டார். ஹிலறி பிஷர் பேஜ் என்னும் ஆங்கிலேயர் முன்னரே செய்திருந்த கற்களைக் கண்டு திருத்தியமைத்தவை அவை. அக்கற்களுக்கு அவர்கள் முதலில் இட்ட பெயரின் பொருள் 'தாமே பிணையும் கற்கள்' என்பதாகும். ஆயின், அவை உறுதியாகப் பிணையவில்லை. ஓலே கிர்க்கின் மகன் கொட்பிரெட் காலத்தில், கல்லின் உட்புறத்தே குழாய்களை அமைத்து மேற்குமிழ்களை இறுகப் பற்றச் செய்யும் முறை கண்டறியப்பட்டு, 1958ஆம் ஆண்டு சனவரி 28ஆந் திகதி அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. அன்று வகுத்த அளவு இன்றும் மாறவில்லை. 1958ஆம் ஆண்டுக் கல்லின்மேல் இவ்வாண்டுக் கல்லைப் பொருத்தலாம். 1977ஆம் ஆண்டில் அச்சுக்கோல், பற்சக்கரம் என்பவற்றைக் கொண்ட 'ரெக்னிக்' வரிசை தோன்றிற்று. அதன் வழியிலே, 1999ஆம் ஆண்டில் உருண்டையுங் கிண்ணமுமான மூட்டுகளைக் கொண்ட பாவைகள் வந்தன. அவற்றினின்றும் 2001ஆம் ஆண்டில் 'பயோனிக்கிள்' என்னும் வரிசை பிறந்தது. யாம் பாயிலே கண்டவற்றுட் பெரும்பாலானவை அவ்வரிசையைச் சேர்ந்தவையே.

பயோனிக்கிள் பாவைகள் வெறும் உருவங்களாக வரவில்லை. ஒரு கதையோடு வந்தன. மாத்தா நூய் என்னும் கற்பனைத் தீவு. அதனைக் காக்க வந்த ஆறு வீரர். நெருப்புக்குத் தாகு, நீருக்குக் காலி, காற்றுக்கு லேவா, கல்லுக்குப் பொகாத்து, பனிக்குக் கொபாக்கா, மண்ணுக்கு ஒனுவா. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறமும் ஆற்றல் தரும் முகமூடியும் உண்டு. இக்கதையின் தோற்றத்திற் பங்குகொண்டவருள் ஒருவர் கிறிஸ்ரியன் பேபர் என்னும் டேனியக் கலைஞர். அவருக்குத் தலையினுள்ளே சுரப்பியொன்றின் அருகிற் கட்டியொன்று இருந்தது. நாள்தோறும் மருந்தை ஊசியால் ஏற்றவேண்டியவரானார். தம் உடலினுள்ளே சிறுவீரர் படையொன்றை அனுப்பிப் பழுதுபார்ப்பிப்பதாகத் தாம் எண்ணிக்கொண்டதை அவரே பின்னாளிற் கூறியுள்ளார். வீரர்கள் அடைபட்டு வந்த உருளைக் கலங்கள் மருந்துக் குளிகையை ஒத்திருந்தமைக்குக் காரணம் இதுவே. 2008ஆம் ஆண்டுக் கதையிலே, தீவென்று எண்ணப்பட்டது உறங்கிக்கிடந்த மாபெரும் இயந்திர உருவொன்றின் முகத்தின்மேற் படிந்த நிலமே என்பதும், வீரரும் ஊரவரும் அவ்வுடலைப் பேணவே படைக்கப்பட்டவர் என்பதும் வெளியாயின. நோயாளி ஒருவரின் நம்பிக்கையே எட்டு வயதுச் சிறுவரின் கையிற் பாவையாயிற்று என்பதை அறிந்தபின், இதனை 'வெறும் பொம்மை' என்று கூற எமக்கு நா எழவில்லை.

பாவை வரலாறு நிற்க. பாவை வகுத்தலின் முறையை நோக்குவாம். இங்கேதான் யாம் பெரிதும் வியந்தோம்.

எம் மொழியிலே செய்யுளிலக்கணத்துக்கு யாப்பு என்று பெயர். யாத்தல் என்றால் கட்டுதல். எழுத்தால் அசையும், அசையாற் சீரும், சீருஞ் சீருந் தளைபட்டு அடியும் அமைகின்றன. எழுத்துகள் எண்ணிக்கையில் அடங்கியவை. அவற்றால் யாக்கப்பட்ட செய்யுள்களோ அடங்காதவை. பில்லுண்டுத் தச்சர் தம் கல்லுக்கு இட்ட 'தாமே பிணைவது' என்னும் பெயரைக் கேட்டபோது எமக்கு யாப்பென்னுஞ் சொல்லே நினைவுக்கு வந்தது. எட்டுக் குமிழ்களையுடைய ஒரே நிறக் கற்கள் ஆறினை 915,103,765 வகையாகப் பொருத்தலாம் என்று கொப்பன்கேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞரான சோரன் ஐலர்ஸ் கணித்துக் காட்டியுள்ளார். ஆறு கற்களுக்கே இவ்வளவாயின், ஒரு பெட்டி உறுப்புகளுக்கு எவ்வளவாகும் என்பதை வாசகரே உய்த்துணர்க.

உறுப்புகளுக்குத் தம்முட் புணர்ச்சி விதி உண்டு. கோல்களின் நீளம், துளைகளின் இடைவெளி போன்ற அளவுகள் பெரும்பாலும் 8 மில்லிமீற்றர் என்னும் ஓர் அலகையொட்டி வருவன. சிலுவை வடிவான முனையுள்ள கோலைச் சிலுவைத் துளையிற் செருகினாற் சுழலாது. வட்டத்துளையிற் செருகினாற் சுழலும். உருண்டையைவிடக் கிண்ணம் மிகச் சிறிதளவு ஒடுங்கியது. அழுத்தும்போது கிண்ணத்தின் விளிம்பு நெகிழ்ந்து உருண்டையை உள்வாங்கி மீண்டும் இறுகும். அவ்விறுக்கத்தால் உண்டாகும் உராய்வே கையை உயர்த்தியவாறு நிறுத்துகிறது. உருவம் பெருக்குந்தோறும் அதன் பாரம் பெருகும், உராய்வோ பெருகாது. ஆகவே, பெரிய பாவையின் தோள் தானே தாழ்ந்துவிடும். இதனை வெல்லுதற்கு வல்லுநர் பல உபாயங்களைக் கையாள்கின்றனர். மூட்டுகளை இரட்டித்தல் ஒன்று. படிப்படியாகக் கொளுவி நிற்கும் மூட்டுகளைப் பயன்படுத்தல் இன்னொன்று. திருகுசுரைப் பற்சக்கரத்தை மூட்டினுள்ளே மறைத்துவைத்தல் மற்றொன்று. திருகுசுரை சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் திருகுசுரையைச் சுழற்றமாட்டாது. எனவே, விரலாற் திருப்பிய கை, எத்துணைப் பாரமேற்றினும் தானாக இறங்காது.

இவர்களிடையே வழுவும் உண்டு, வழுவமைதியும் உண்டு. உறுப்பை வளைத்தோ நெருக்கியோ துன்புறுத்தும் இணைப்பை அந்நிறுவனத்தின் வடிவமைப்பாளர் 'விதிக்குப் புறம்பானது' என்று விலக்குவர். தனியாள் ஒருவர் தம் பாவையில் அதனைக் கைக்கொண்டால், பிறர் அதன் பயன் நோக்கிப் பொறுப்பர். வெட்டுதல், ஒட்டுதல், நிறந்தீட்டுதல் ஆகிய மூன்றையும் அறவே தவிர்ப்பவர் ஒரு சாரார்; தேவைக்கு இடங்கொடுப்பவர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரின் வாதத்தைக் கேட்டபோது, வடசொற் கலப்புப் பற்றிப் பண்டிதர்கள் இடுகின்ற வழக்கை நேரிற் கண்டாற்போல் இருந்தது.

அன்று அவ்விளைஞர் அமைக்க முயன்றது ஓர் ஓடக்காரனின் உருவம். விற்பனைக்கு வரும் பாவைகளின் கையிற் பெரும்பாலும் வாளோ வேலோ இருக்கும். இவர் அவற்றை ஒதுக்கி, நீண்ட தண்டு ஒன்றைக் கொடுத்திருந்தார். ஓடக்காரன் தண்டை ஊன்றிக் குனிந்து தள்ளவேண்டும். குனிந்தால் உருவம் முன்னே விழுந்தது. பாதத்தை நீட்டினார், நின்றது. ஆனால் அது தண்டூன்றுபவனின் பாதமாக இல்லாமற் தாராவின் பாதமாயிற்று. குலைத்தார். இடுப்பிலே பாரத்தைப் பின்தள்ளினார், நின்றது. ஆனால் முதுகு கூன் விழவில்லை. குனிபவனுக்கு முதுகல்லவா அழகு? மீண்டுங் குலைத்தார். நான்காம் முறை, தண்டையே மூன்றாவது காலாக்கி, அதன் பாரத்தைத் தோளிலுள்ள திருகுசுரை தாங்குமாறு அமைத்தார். ஓடக்காரன் நின்றான், குனிந்தும் நின்றான். இதனை அமைக்க இரண்டரை மணி நேரஞ் சென்றது. ஒருமுறையாவது அவர் சலித்தாரல்லர். வெண்பாவின் ஈற்றடி வாயாமல் நான்குமுறை கிழித்தெறியும் மாணவன் எம் வகுப்பிலே இருந்தால் யாம் அவனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவோம். இவரை மட்டும் ஏன் நாணச்செய்தோம்?

இத்துறையினர் தாமே வகுத்த உருவத்தைச் 'சொந்தப் படைப்பு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளாற் சுருக்கி, 'மொக்' என வழங்குவர். எம் காதில் அது மொக்கு என்றே விழுந்தது, பொருத்தமுடையதே. இன்னுமொரு வழக்கு அவர்களிடம் உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில், பிறர் நகைப்புக்கு அஞ்சி விளையாட்டுப் பொருளைப் பரணில் ஏற்றிவிட்டு, பின்னர் வளர்ந்து சம்பாதிக்கும் காலத்தில் மீண்டும் அதனிடம் திரும்புவோர் பலர். இடைப்பட்ட அந்த ஆண்டுகளை அவர்கள் 'இருண்ட காலம்' என்பர். வரலாற்றாசிரியர் நாட்டுக்கு வகுத்த பெயரை இவர்கள் தனிமனிதன் வாழ்வுக்கு வகுத்துள்ளனர். நகைப்பதற்குரிய வழக்குத்தான், ஆயினும், ஆண்டாண்டுதோறும் எம் வகுப்புகளில் எத்தனை பிள்ளைகளின் கையை இவ்விருளுக்குள் அனுப்பினோம் என்று எண்ணும்போது நகைப்பு அடங்கிவிடுகின்றது.

இவ்வரிசையின் வரலாற்றில், தமிழ் கற்பிப்போர் சிறப்பாக அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பயோனிக்கிள் கதையை ஆக்கியோர், பெயர்களிற் பலவற்றைப் பொலினீசிய மொழிகளினின்றும், சிறப்பாக நியூசிலாந்தின் மாவோரி மக்களின் மொழியினின்றும் எடுத்தாண்டனர். 'தோகுங்கா' என்பது மாவோரியரிடையே கல்வியும் சமய அறிவும் நிரம்பிய வல்லுநரைக் குறிக்கும் மதிப்புமிக்க சொல். கதையில் அது தீவின் சாதாரண ஊரவருக்குப் பெயராயிற்று. 2001ஆம் ஆண்டில் மாவோரிக் குழுக்கள் சிலவற்றின் சார்பில் மாவுய் சொலமன் என்னும் வழக்கறிஞர் நிறுவனத்துக்கு எழுதி, தம் மக்களின் சொற்களைக் கேளாது எடுத்து வாணிகப் பொருளாக்கியமையைக் கண்டித்தார். நிறுவனத்தார் முதலில் மறுத்தனர். பின்னர் தம் ஆளை நியூசிலாந்துக்கு அனுப்பிப் பேசி உடன்பட்டனர். தோகுங்கா என்னும் பெயர் நீங்கி 'மாத்தோரன்' என்னும் புதுப்பெயர் வந்தது. சில பாத்திரங்களின் பெயர்கள் எழுத்து மாறின. 'ஜாலா' என்பவன் 'ஜாலர்' ஆனான். 2003ஆம் ஆண்டுக் கதையிலே இம்மாற்றத்துக்குப் பெயர்சூட்டு விழாவொன்றைக் காரணமாகக் காட்டினர். எல்லாச் சொற்களும் மீண்டனவல்ல. வீரனைக் குறிக்கும் 'தோவா' என்னும் சொல் போன்றவை நிலைத்துவிட்டன.

இதிலிருந்து யாம் கொள்வது யாது? விளையாட்டுத்தானே என்று மாவோரியர் வாளாவிருந்தாரல்லர். விளையாட்டுத்தானே என்று கூறி நிறுவனத்தாராலும் இறுதிவரை தப்ப முடியவில்லை. சிறுவனொருவன் 'தோகுங்கா' என்னுஞ் சொல்லை வாழ்வில் முதன்முதல் ஒரு மஞ்சள் முகப் பாவையின் பெயராகக் கேட்பானாயின், அச்சொல் அவனுக்கு என்றும் அதுவாகவே இருக்கும். சொல்லின் மானத்தைக் காக்கப் பாவைக்கடை வாயிலிலும் நிற்கவேண்டும் என்று அம்மக்கள் உணர்ந்தனர். இதனை எம் நண்பரின் மகன் எமக்குச் சொன்னபோது, தாம் வகுத்த ஓடக்காரனுக்கு இன்னும் பெயரிடவில்லை என்றும், பிறர் மொழியில் எடுப்பதாயின் அதன் பொருளை முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்றும் கூறினார். பழைய பெயரும் புதிய பெயரும் அவருக்கு மனப்பாடம். விளையாட்டிலே இவ்வளவு நாணயம் பயிலுமாயின், அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுதல் எங்ஙனம்?

பயோனிக்கிள் வரிசை 2010ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதனிடத்தை வேறொரு வரிசை பிடித்தது; 2011ஆம் ஆண்டில் எலும்பு போன்ற உட்கோலின்மேல் ஓடு போன்ற கவசத்தைப் பொருத்தும் புதிய முறையும் வந்தது. 2015ஆம் ஆண்டில் பயோனிக்கிள் என்னும் பெயர் மீண்டெழுந்து, 2016ஆம் ஆண்டில் மீண்டும் மறைந்தது. 2023ஆம் ஆண்டிலே தாகுவின் உருவம் சிறு கற்களாலான அன்பளிப்புப் பொருளாக வெளிவந்தது, அவ்வளவே. ஆயின், செய்தவர் கைவிட்ட பின்னரும் பாவை இறந்துபடவில்லை. பழைய உறுப்புகளைத் தேடி வாங்குவோரும் விற்போரும் உளர். 2000ஆம் ஆண்டில் தனியார் ஒருவர் தொடங்கிய உதிரிக்கற் சந்தையொன்றை 2019ஆம் ஆண்டில் அந்நிறுவனமே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அவ்வாணிகம் வளர்ந்தது. கதையில் வருணிக்கப்பட்டும் கடையில் ஒருபோதும் விற்கப்படாத பாத்திரங்களுக்கு ஆர்வலரே உருவங் கொடுத்தனர். போட்டிகளில் வென்ற சில உருவங்கள் கதைக்குரிய மெய்யுருவங்களாகவும் ஏற்கப்பட்டன. மூட்டுகள் முதுமையடைகின்றன. 2007ஆம் ஆண்டளவில் வந்த வெளிர்பச்சைக் கிண்ணங்கள் எளிதில் வெடிப்பவை என்று பெயர்பெற்றவை. அவற்றைப் பொருத்தும்போது மூச்சையடக்கிக்கொண்டு பொருத்துவதாக இளைஞர் கூறினார். சிதைந்த ஏட்டைப் புரட்டும் பதிப்பாசிரியரின் விரலை யாம் அறிவோம்; அவர் விரலும் அவ்வாறே இருந்தது.

இனி, இதனை மறுப்பார் கூறுவனவற்றையும் கேட்டல் முறை. இது பிள்ளைகளுக்குரியது, வளர்ந்தவருக்கு ஒவ்வாது என்பது முதலாவது. சிறுதேர் உருட்டும் பருவத்தைப் பிள்ளைத்தமிழ் நூல்களிற் பாடிய புலவர்கள் பிள்ளைகளல்லர். விளையாட்டை உற்றுநோக்கி அதன் அழகைப் பிறருக்கு எடுத்துக்காட்டுதல் முதிர்ந்த அறிவின் செயலேயாம். இது பணத்தை விழுங்குவது என்பது இரண்டாவது. உண்மை. வாங்குதலையே தொழிலாகக் கொண்டு, திறவாத கலங்களை அடுக்கிவைத்து, விலையேறும் நாளைப் பார்த்திருப்போரும் உளர். அவர்கள் பொருளை யாம் குறைகூறோம். ஆனால் அதனைக் கலையென்றுங் கூறோம். படியாத நூலை அடுக்குபவன் நூலறிஞனாகான். பெட்டியைத் திறந்து குலைத்துக் கூட்டுபவனுக்கே இக்கட்டுரை பரிந்து பேசுகின்றது. அவனுக்குப் புதிது புதிதாக வாங்கவேண்டிய தேவையும் குறைவு. ஓடக்காரன் நாளை ஒரு குதிரையாகலாம்.

பிளாஸ்ரிக் மண்ணுக்குக் கேடு என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு நேரான விடை எம்மிடம் இல்லை. 2018ஆம் ஆண்டு முதல் இலை, மரம் முதலிய மென்மையான சில உறுப்புகளைக் கரும்பிலிருந்து பெறும் பிளாஸ்ரிக்கால் அந்நிறுவனத்தார் செய்கின்றனர். கழிக்கப்பட்ட போத்தல்களிலிருந்து கல் செய்யும் முயற்சியை 2021ஆம் ஆண்டில் அறிவித்து, 2023ஆம் ஆண்டிற் கைவிட்டனர். ஆகவே, வாங்குவோர் அளவறிந்து வாங்குதலே கடன். ஒருமுறை வாங்கியதை முப்பதாண்டு கையாளுபவன், ஒருநாள் விளையாடி எறிபவனினும் மண்ணுக்குத் தீங்கு குறைவாகவே செய்கின்றான் என்ற அளவிலே யாம் அமைகின்றோம்.

உறுப்புகளை ஆக்கியது ஒரு வாணிக நிறுவனம். அவற்றைக் கோத்தவனுக்கு என்ன பெருமை என்பது நான்காவது. இதற்கு விடை எளிது. எழுத்தை ஆக்கியவர் புலவரல்லர். சொல்லை ஆக்கியவரும் அவரல்லர். ஊரார் எல்லாருக்கும் பொதுவான சொல்லை எடுத்து, முன்னை இல்லாத முறையிலே தளைப்பதே அவர் செய்வது. அதற்கே அவரைப் போற்றுகின்றோம்.

விடுமுறை முடிந்து புறப்படும்போது நண்பர் எம்மைத் தனியே அழைத்து, "என்ன, அவனுக்கு ஏதேனுஞ் சொன்னியா?" என்று வினவினார். சொன்னதையும், சொன்னதை மீளப் பெற்றதையும் ஒளியாது கூறினோம். அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றவில்லை. முப்பதாண்டுகளாக அந்நிய மண்ணிற் பனியிலும் இருளிலும் உழைத்து மகனை ஆளாக்கியவருக்கு, அம்மகன் பெருமை பிறர் காணத்தக்கதாக இருக்கவேண்டும் என்னும் ஆசை இயல்பே. அதனை யாம் எளிதாகக் கொள்ளவில்லை. "ஓடக்காரன் ஏன் விழாமல் நிற்கிறான் என்று அவனிடம் ஒருநாள் கேட்டுப்பார்" என்று மட்டுங் கூறினோம். கேட்பதாகத் தலையசைத்தார்.

பெற்றோருக்கும் எம்மோடொத்த ஆசிரியருக்கும் யாம் விண்ணப்பிப்பதும் அதுவே. வளர்ந்த பிள்ளையொருவன் கதவைச் சாத்திக்கொண்டு கையாலே ஏதோ செய்கின்றானாயின், நாணத்தாற் சாத்தினானா, நாட்டத்தாற் சாத்தினானா என்று முதலில் அறிதல் வேண்டும். நாணத்தாலாயின் அந்நாணத்தை ஊட்டியவர் நாமே. கதவைத் தட்டி, எது பொருந்தவில்லை, எத்தனைமுறை குலைத்தாய் என்று வினவுவோமாக. விடை சொல்லத் தொடங்கினானாயின், அருகிலே பாயை விரித்து அமர்ந்து கேட்போமாக.